போட்டி யாருக்காக? வளைகுடாவில் ஆப் டாக்ஸி ஓட்டும் தமிழ் ஓட்டுநர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அண்ணன்களுக்கும் தம்பிகளுக்கும்,

துபாய், அபுதாபி, ஷார்ஜா, தோஹா என்று வளைகுடா நகரங்களில் செல்போனில் வரும் அழைப்பை ஏற்று வண்டி ஓட்டிக்கொண்டிருக்கும் உங்களுக்கு இந்த மடலை எழுதுகிறேன். ராமநாதபுரம், தஞ்சாவூர், புதுக்கோட்டை, கடலூர் பக்கத்திலிருந்து வந்தவர்கள் உங்களில் நிறையப் பேர். யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்தவர்களும் உண்டு. உங்கள் வண்டியில் ஏறி வேலைக்குப் போய்வரும் தமிழர்களில் நானும் ஒருவன். தமிழ் காதில் விழுந்ததும் ஊர்ப் பேச்சு தொடங்கும். கொஞ்ச நேரத்தில் அது வருமானத்துக்கு வந்துவிடும். அப்போது உங்களில் பலரும் சொல்லும் ஒரு வாக்கியம் இது: "புதுசா இன்னொரு ஆப் வந்திருக்குண்ணே, போட்டி கூடினா நமக்கும் கொஞ்சம் நல்லா இருக்கும்."

அந்த நம்பிக்கையைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும். கடைகள் கூடினால் விலை இறங்கும், முதலாளிகள் கூடினால் கூலி ஏறும் என்பது பொதுவாக நாம் அறிந்த கணக்கு. ஆனால் இந்தத் தொழிலில், இந்த மண்ணில், அது தானாக நடப்பதில்லை. இடம் மாறிப் போக முடிந்தவருக்கே போட்டி பலன் தருகிறது. பயணி ஒரு நொடியில் வேறு ஆப்புக்கு மாறிவிடுவார். உங்கள் கம்பெனியும் வேறு ஆப்போடு ஒப்பந்தம் போட்டுக்கொள்ளும். நீங்கள்தான் விசாவோடும் வண்டியோடும் ஒரே இடத்தில் கட்டுண்டு இருக்கிறீர்கள். இதைப் புரிந்துகொண்டால், எங்கே பேரம் பேச வேண்டும், எப்போது பேச வேண்டும் என்பதும் தெளிவாகும்.

முதலில் இந்தப் போட்டி எப்படி நடந்தது என்று பார்ப்போம். 2012 ஜூலையில் துபாயில் கரீம் தொடங்கப்பட்டது. பாகிஸ்தானைச் சேர்ந்த முதஸ்ஸிர் ஷேகா, சுவீடனைச் சேர்ந்த மேக்னஸ் ஓல்சன் என்ற இருவர் அதைத் தொடங்கினார்கள். இருவரும் மெக்கின்ஸி என்ற ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்த்தவர்கள். மறு ஆண்டே அமெரிக்காவின் ஊபர் துபாய்க்கு வந்தது. அடுத்த சில ஆண்டுகள் இரண்டும் முட்டி மோதின. பயணிக்குத் தள்ளுபடிக் குறியீடுகள் வந்துகொண்டே இருந்தன. ஓட்டுநருக்கு ஊக்கத்தொகை, இத்தனை மணி நேரம் ஆன்லைனில் இருந்தால் இவ்வளவு உறுதி என்ற சலுகைகள் வந்தன. பழைய ஓட்டுநர்கள் அந்தக் காலத்தை இப்போதும் ஏக்கத்தோடு சொல்வதைக் கேட்டிருப்பீர்கள்.

அந்தச் சலுகைகளுக்கான பணம் எங்கிருந்து வந்தது? பயணக் கட்டணத்திலிருந்து வரவில்லை, முதலீட்டாளர்களிடமிருந்து வந்தது. 2016 ஜூனில் சவூதி அரசின் பொது முதலீட்டு நிதியம் ஊபரில் 350 கோடி டாலர் போட்டது. அதே ஆண்டு டிசம்பரில் சவூதி டெலிகாம் நிறுவனம் 10 கோடி டாலருக்குக் கரீமில் 10 சதவீதப் பங்கை வாங்கியது. ஒரே நாட்டின் பணம் இரண்டு பக்கமும் நின்று மோதிக்கொண்டது. இப்படிப்பட்ட பணம் எப்போதுமே ஒரு முடிவை எதிர்பார்த்துத்தான் வரும். 2019 மார்ச் 26 அன்று அந்த முடிவு வந்தது. கரீமை 310 கோடி டாலருக்கு வாங்குவதாக ஊபர் அறிவித்தது. 2020 ஜனவரியில் கைமாற்றம் நடந்தது. இரண்டு பெயர்களும் தனித்தனியாகத் தொடர்ந்தாலும் லாபம் போய்ச் சேரும் வீடு ஒன்றாகிவிட்டது.

வளைகுடாவில் மட்டும் இப்படி ஆகவில்லை. சீனாவில் 2016-இல் ஊபர் தன் தொழிலைப் போட்டி நிறுவனமான டீடீக்குக் கொடுத்துவிட்டுப் பங்கு வாங்கிக்கொண்டு வெளியேறியது. 2018 மார்ச்சில் தென்கிழக்கு ஆசியத் தொழிலை அங்குள்ள போட்டி நிறுவனமான கிராபுக்குக் கொடுத்தது. அதன் பிறகு நடந்ததைச் சிங்கப்பூரின் போட்டி ஆணையம் விசாரித்தது. இணைப்புக்குப் பின் பயணிகள் உண்மையில் செலுத்திய கட்டணம் 10 முதல் 15 சதவீதம் ஏறியிருந்ததாக அது கண்டறிந்தது. இரண்டு நிறுவனங்களுக்கும் சேர்த்து 1.3 கோடி சிங்கப்பூர் டாலர் அபராதம் விதித்தது. ஓட்டுநர்களை ஒரே ஆப்போடு கட்டிப்போடக் கூடாது, அவர்கள் விரும்பிய ஆப்பில் ஓட்ட வழி இருக்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. போட்டியைக் காப்பாற்ற வேண்டுமானால் ஓட்டுநரின் கால்கட்டை அவிழ்க்க வேண்டும் என்பதை அந்த ஆணையம் சரியாகவே பிடித்துக்கொண்டது.

இப்படி இணைந்த பிறகு சில இடங்களை நிறுவனம் மூடுவதும் உண்டு. கரீம் 2023-இல் கத்தாரில் சேவையை நிறுத்தியது. ஒரு நிறுவனரின் சொந்த நாடான பாகிஸ்தானிலேயே 2025 ஜூலையில் வண்டிச் சேவையை நிறுத்திவிட்டது. ஒரு ஆப்பை மட்டுமே நம்பி வாழ்க்கையை அமைத்துக்கொண்டவர்களுக்கு ஓர் அறிவிப்போடு எல்லாம் முடிந்துபோனது.

துபாயில் இப்போது நடப்பது இரண்டாம் சுற்று. 2019-இல் சாலைப் போக்குவரத்து ஆணையமும், அதாவது நாம் ஆர்டிஏ என்று சொல்வதும், கரீமும் சேர்ந்து ஹலா என்ற கூட்டு நிறுவனத்தை நடத்தத் தொடங்கின. கூரையில் பல நிறம் பூசிய மீட்டர் டாக்ஸிகளை கரீம் ஆப்பிலேயே அழைக்க வழி வந்தது. 2023 டிசம்பரில் துபாய் டாக்ஸி நிறுவனம் 24.99 சதவீதப் பங்கைப் பொதுமக்களுக்கு விற்றுப் பங்குச் சந்தைக்கு வந்தது. அடுத்த ஆண்டு டிசம்பரில் அதே நிறுவனம் எஸ்தோனியாவின் போல்ட் ஆப்போடு கைகோத்து அதைத் துபாய்க்குக் கொண்டுவந்தது. ரஷ்யாவின் யாண்டெக்ஸிலிருந்து பிறந்த யாங்கோவும் களத்தில் இருக்கிறது. இத்தனை பெயர்கள் வந்த பிறகும் உங்கள் கையில் மாதக் கடைசியில் நிற்கும் தொகை ஏன் அந்த அளவுக்கு மாறவில்லை?

பதிலுக்குச் சென்னையைப் பாருங்கள். அங்கே ஆட்டோ ஓட்டுபவர், சொந்த வண்டியோ வாடகை வண்டியோ, கையில் இரண்டு மூன்று ஆப் வைத்திருக்கிறார். ஒன்று கமிஷன் அதிகம் பிடித்தால் அதை மூடிவிட்டு மற்றதைத் திறக்கிறார். 2022-இல் பெங்களூரில் ஓட்டுநர்களோடு சேர்ந்து தொடங்கப்பட்ட நம்ம யாத்திரி, கமிஷனே இல்லாமல் நாளுக்கு ஒரு சிறு கட்டணம் மட்டும் வாங்கும் முறையைக் கொண்டுவந்தது. பிறகு அது சென்னைக்கும் வந்தது. ராபிடோ என்ற ஆப்பும் கமிஷனைக் கைவிட்டுச் சந்தா முறைக்கு மாறியது. கடைசியில் ஊபரே 2025 பிப்ரவரியில் இந்தியாவில் ஆட்டோக்களுக்குக் கமிஷன் முறையை விட்டது. சென்னை ஓட்டுநரின் வாழ்க்கை இதனால் சொர்க்கமாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அரசு 2013-இல் நிர்ணயித்த மீட்டர் கட்டணத்தைத் திருத்தச் சொல்லி அவர்கள் எத்தனை ஆண்டுகளாகப் போராடினார்கள் என்பது உங்களுக்கே தெரியும். ஆனால் கமிஷன் விஷயத்தில் அவர்கள் வென்றார்கள். ஆப்புகள் அவர்களைத் தேடி வர வேண்டியிருந்தது. காரணம், எந்த ஆப்பைத் திறப்பது என்று முடிவு செய்தது அவர்கள்தான்.

இலங்கையிலும் இதைப் பார்க்கலாம். கொழும்பில் 2015-இல் தொடங்கிய பிக்மீ, அதே ஆண்டில் அங்கே வந்த ஊபரோடு மோதித் தாக்குப்பிடித்து, 2024-இல் கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்படும் அளவுக்கு வளர்ந்தது. அங்கும் முச்சக்கர வண்டிக்காரர் இரண்டு ஆப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓட்டுகிறார்.

துபாயில் நிலைமை வேறு. சொந்தக் காரை ஆப்பில் போட்டு ஓட்ட இங்கே அனுமதி இல்லை. மீட்டர் டாக்ஸி என்றால் உரிமம் பெற்ற டாக்ஸி நிறுவனத்தின் வண்டி. ஊபரிலோ கரீமிலோ வரும் கறுப்புக் கார் என்றால் ஆர்டிஏ உரிமம் பெற்ற லிமோசின் கம்பெனியின் வண்டி. அந்தக் கம்பெனிதான் உங்களுக்கு விசா எடுக்கிறது, சம்பளம் போடுகிறது, வண்டியைக் கொடுக்கிறது. ஊபரும் போல்ட்டும் உங்கள் முதலாளிகளே அல்ல. உங்கள் முதலாளியிடம் தொழில் செய்யும் வியாபாரிகள்.

பயணி கொடுக்கும் கட்டணத்தில் முதலில் ஆப் தன் பங்கை எடுக்கிறது. மிச்சம் கம்பெனிக்குப் போகிறது. வண்டித் தவணை, இன்சூரன்ஸ், பெட்ரோல், சாலிக் என்னும் சாலைச் சுங்கம், விசாச் செலவு, கம்பெனியின் லாபம் எல்லாம் போக உங்களுக்கு வருகிறது. புதிதாக வரும் ஆப் யாரை வசப்படுத்த வேண்டும்? பயணிக்குத் தள்ளுபடி தர வேண்டும். வண்டிகள் கிடைக்க வேண்டுமானால் கம்பெனியிடம் குறைந்த கமிஷன் பேச வேண்டும். மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேசும் விலை போல, ஆப்புக்கும் கம்பெனிக்கும் நடுவில் முடியும் அந்தப் பேரம் உங்கள் கண்ணில் படுவதில்லை. அதில் கம்பெனிக்கு மிச்சமாகும் தொகையில் ஒரு பகுதி உங்களுக்கு வருமா என்பது நீங்கள் போட்ட ஒப்பந்தத்தைப் பொறுத்தது. ஒப்பந்தத்தில் இல்லையென்றால் கம்பெனி தர வேண்டிய கட்டாயமே இல்லை.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஆப் கூடும்போது அழைப்புகள் கூடும் என்று நினைக்கிறோம். ஆனால் ஊரில் பயணிகள் அதே எண்ணிக்கையில் இருந்து, புதிய ஒப்பந்தங்களை நம்பிக் கம்பெனிகள் வண்டிகளை மட்டும் கூட்டினால், ஒவ்வொரு வண்டிக்கும் கிடைக்கும் டிரிப் குறையும். காலி வண்டியோடு மால் வாசலில் காத்திருக்கும் நேரம் கூடும். சம்பளம் கமிஷனில் இருப்பவருக்கு அந்தக் காத்திருப்புக்குக் காசு இல்லை. ஆப்புக்கு அதில் நஷ்டமே கிடையாது. வண்டிகள் எவ்வளவு அதிகமோ அவ்வளவு சீக்கிரம் பயணிக்கு வண்டி கிடைக்கும், அதுவே அதன் விளம்பரம். உங்கள் வெறும் நேரத்தைச் செலவிட்டுத்தான் அந்த விளம்பரம் நடக்கிறது.

துபாய்க்கு வெளியே நிலைமை இன்னும் இறுக்கம். சவூதியில் சொந்தக் காரை வைத்து ஆப்பில் ஓட்டும் தொழில் சவூதிக் குடிமக்களுக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. ஓமானில் டாக்ஸி ஓட்டுவது ஓமானியர் தொழில். தங்கள் மக்களுக்கு வேலை வேண்டும் என்று அந்த நாடுகள் எடுத்த முடிவு அது, அதில் நாம் குறை காண முடியாது. ஆனால் அதைத் தெரியாமல் ஏமாறும் நம்மவர்கள் இருக்கிறார்கள். ஹவுஸ் டிரைவர் விசாவில் போய், கஃபீலின், அதாவது விசா எடுத்த முதலாளியின், வேலை முடிந்த நேரத்தில் ஆப்பில் ஓட்டிக்கொள்ளலாம் என்று ஊரில் யாரேனும் சொன்னால் நம்பாதீர்கள். அது சட்டப்படி குற்றம். பிடிபட்டால் அபராதத்தோடு நாடு கடத்தும் வரை போகும். 2021 மார்ச்சில் சவூதி கொண்டுவந்த சீர்திருத்தம், ஓர் ஆண்டு முடிந்ததும் முதலாளியின் சம்மதமில்லாமல் வேலை மாற வழி செய்தது. அந்தச் சலுகையிலும் வீட்டு ஓட்டுநர்கள் சேர்க்கப்படவில்லை. கத்தாரில் நிலைமை கொஞ்சம் மேல். 2020-இல் அங்கே வேலை மாற முதலாளியின் தடையில்லாச் சான்று தேவையில்லை என்று ஆனது. 2021 மார்ச்சிலிருந்து மாதம் 1,000 ரியால் குறைந்தபட்ச ஊதியமும் வந்தது. தங்குமிடமும் சாப்பாடும் தராத முதலாளி அதற்கு மேல் 500 ரியாலும் 300 ரியாலும் சேர்த்துத் தர வேண்டும். அமீரகத்தில் வெளிநாட்டுத் தொழிலாளிக்கு இப்படியொரு பொதுவான குறைந்தபட்ச ஊதியம் இல்லை.

அமீரகத்தில் உங்கள் பாதுகாப்பு, நீங்கள் கையெழுத்துப் போடும் காகிதத்தில்தான் இருக்கிறது. அதனால் அந்தக் காகிதத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

வேலை அழைப்புக் கடிதம் தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்று அமீரகத் தொழிலாளர் அமைச்சகம் 2016-இல் விதி கொண்டுவந்தது. அரபி, ஆங்கிலத்தோடு அது அனுமதித்த மொழிகளில் தமிழும் ஒன்று. இந்த நாடு உங்கள் மொழியில் உங்களிடம் விவரம் சொல்லத் தயாராக இருக்கிறது. தமிழ்ப் படிவத்தைக் கேட்டு வாங்கி, ஒரு வரி விடாமல் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஊரில் ஏஜென்ட் வாயால் சொன்னதும் இந்தக் கடிதத்தில் இருப்பதும் வேறு வேறாக இருந்தால், கடிதத்தில் இருப்பதுதான் உங்களுக்குக் கிடைக்கும்.

அதில் முதலில் பார்க்க வேண்டியது அடிப்படைச் சம்பளம். பலர் அதைக் கவனிப்பதே இல்லை. "கமிஷனோட நல்லா வரும்" என்ற பேச்சில் அது மறைந்துவிடுகிறது. ஆனால் வேலை முடிந்து ஊருக்குப் போகும்போது கிடைக்கும் கிராஜுவிட்டி அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம், அதற்குமேல் ஆண்டுக்கு 30 நாள். ஒரு கணக்குக்குச் சொல்கிறேன். அடிப்படைச் சம்பளம் 1,000 திர்ஹம் என்றால் ஆண்டுக்கு 700 திர்ஹம், ஐந்து ஆண்டு முடிவில் 3,500. அதுவே 2,000 என்று இருந்தால் 7,000. மாதாமாதம் இருவரும் ஒரே தொகையைக் கையில் வாங்கியிருந்தாலும் கடைசியில் ஒருவருக்குப் பாதிதான் கிடைக்கும். சம்பளத்தைக் கமிஷனுக்குத் தள்ளி அடிப்படையைச் சுருக்கும் கம்பெனி, உங்கள் முதுமைக்கான காசைத்தான் சுருக்குகிறது.

இரண்டாவது, பிடித்தம். டார்கெட் எட்டாவிட்டால் எவ்வளவு, முகாலஃபா என்னும் போக்குவரத்து அபராதம் வந்தால் யார் கட்டுவது, வண்டியில் கீறல் விழுந்தால் என்ன, பயணி இல்லாமல் சாலிக் கேட்டைத் தாண்டினால் அந்தக் காசு யார் கணக்கு, லைசென்ஸ் பயிற்சிக்கான செலவு யாருடையது? இவை எல்லாவற்றுக்கும் எழுத்தில் பதில் கேளுங்கள். சாலிக் கட்டணம் 2025 ஜனவரி கடைசியிலிருந்து நெரிசல் நேரத்தில் 6 திர்ஹம் ஆகிவிட்டது. காலி வண்டியோடு நாளுக்கு நாலைந்து முறை கேட்டைத் தாண்டினால் மாதத்தில் அது பெரிய தொகை. எத்தனை காரணம் இருந்தாலும் மொத்தப் பிடித்தம் சம்பளத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது என்பது 2022 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டம். அதே சட்டப்படி, ஆள் எடுக்கும் செலவைத் தொழிலாளியிடம் வாங்குவது குற்றம். பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொள்வதும் குற்றம்.

மூன்றாவது, வேலை மாறும் வழி. சோதனைக் காலம் ஆறு மாதத்துக்கு மேல் இருக்கக் கூடாது. அந்தக் காலத்திலேயே இதே நாட்டில் வேறு கம்பெனிக்கு மாற நினைத்தால் ஒரு மாதம் முன்னதாக எழுத்தில் தெரிவித்து மாறலாம். உங்களை எடுத்த செலவைப் பழைய கம்பெனிக்குத் தருவது புதிய கம்பெனியின் பொறுப்பு. அதற்குப் பிறகு ஒப்பந்தத்தில் உள்ள நோட்டீஸ் காலம், 30 நாளிலிருந்து 90 நாள் வரை. இங்கே மாறவே முடியாது என்று யாராவது சொன்னால் அது பழைய காலத்துப் பயம். சென்னை ஓட்டுநர் ஒரு விரலால் ஆப்பை மாற்றுகிறார், நீங்கள் நோட்டீஸ் கொடுத்துக் கம்பெனியை மாற்றலாம். கொஞ்சம் தாமதமான வழிதான், ஆனாலும் வழி இருக்கிறது. போட்டியின் பலன் உங்களை வந்து சேர இதுதான் கதவு. ஒப்பந்தம் போடும் நாள், அதைப் புதுப்பிக்கும் நாள், விலகக் கடிதம் கொடுக்கும் நாள், இந்த மூன்று நாளில்தான் கம்பெனி உங்களைக் கேட்டு நிற்கும்.

தகராறு வந்தால் என்ன செய்வது? 2022 மே மாதம் துபாயில் நடந்ததை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கும் டெலிவரூ நிறுவனம் ஒரு டெலிவரிக்கான தொகையை 10.25 திர்ஹத்திலிருந்து 8.75 ஆகக் குறைக்கப்போவதாகச் சொன்னது. மே தினத்தன்று பைக் ஓட்டும் தம்பிகள் வேலையை நிறுத்தினார்கள். நிறுவனம் குறைப்பைத் திரும்பப் பெற்றது. அடுத்த வாரம் இன்னொரு டெலிவரி நிறுவனமான தலாபாத்தின் ஓட்டுநர்களும் கூலி உயர்வு கேட்டு நிறுத்தினார்கள். அவர்கள் கேட்டது நியாயம். ஆனால் இந்த நாட்டில் தொழிற்சங்கம் கிடையாது, வேலைநிறுத்தத்துக்குச் சட்டம் இடம் தருவதில்லை. ஊரில் கடனையும் குடும்பத்தையும் வைத்துக்கொண்டு அந்த ஆபத்தை எடுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். சட்டம் தரும் வழியைச் சொல்கிறேன். தொழிலாளர் அமைச்சகத்தில் புகார் கொடுக்கலாம், அதற்குக் கட்டணம் இல்லை. 2024 ஜனவரியிலிருந்து 50,000 திர்ஹம் வரையிலான தகராறுகளில் அமைச்சகமே தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் பெற்றிருக்கிறது. ஓட்டுநர்களின் பாக்கி பெரும்பாலும் அந்த வரம்புக்குள் அடங்கிவிடும்.

புகார் நிற்க வேண்டுமானால் உங்களிடம் கணக்கு இருக்க வேண்டும். ஆப்பில் தெரியும் தினசரி வருமானத்தை அன்றன்றே படம் பிடித்து வையுங்கள். டூட்டி தொடங்கிய நேரம், முடிந்த நேரம், பெட்ரோல், சாலிக், கம்பெனி பிடித்த தொகை என்று ஒரு சின்ன நோட்டில் எழுதுங்கள். மாதக் கடைசியில் வங்கிக்கு வந்த சம்பளத்தோடு ஒப்பிடுங்கள். மணிக்கு என்ன கிடைக்கிறது என்று ஒருமுறை வகுத்துப் பாருங்கள். ஊக்கத்தொகை கிடைத்த மாதம் உண்மையில் நல்ல மாதமா, அல்லது கூடுதல் மணி நேரம் ஓட்டியதால் வந்த தொகையா என்பது அப்போதுதான் தெரியும்.

இனி வரப்போவதையும் மறைக்காமல் பேச வேண்டும். அபுதாபியில் 2024 டிசம்பரில் ஊபர் ஆப்பிலேயே சீனாவின் வீரைடு நிறுவனத்தின் தானியங்கிக் கார்களை அழைக்கும் வசதி வந்தது. 2025 நவம்பரில், முன் இருக்கையில் ஆளே இல்லாத கார்கள் அங்கே பயணிகளை ஏற்றத் தொடங்கின. துபாயில் ஆர்டிஏ சீனாவின் பைடு நிறுவனத்தோடு 2025 மார்ச்சில் ஒப்பந்தம் போட்டது. 2028-க்குள் 1,000 தானியங்கி வண்டிகள் என்பது அதன் இலக்கு. 2030-க்குள் நகரப் பயணங்களில் கால் பங்கு தானாக ஓடும் வண்டிகளில் நடக்க வேண்டும் என்பது துபாய் அரசு 2016-லேயே அறிவித்த திட்டம். ஆப்புகள் இப்போது மோதிக்கொள்வது உங்களைப் பிடித்து வைப்பதற்காக மட்டும் இல்லை. ஓட்டுநர் இல்லாத நாளில் எந்த ஆப் பயணியின் கையில் இருக்கும் என்பதற்காகவும்தான்.

நாளைக்கே வேலை போய்விடும் என்று பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. பத்துப் பதினைந்து ஆண்டு இங்கேயே ஓட்டலாம் என்ற கணக்கில் ஊரில் பெரிய கடன் வாங்காதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். வயது இருக்கும்போதே பஸ், கனரக வண்டி லைசென்ஸ் எடுக்க முடியுமா என்று பாருங்கள். வண்டிப் பராமரிப்பு, மின்சார வண்டி வேலை கற்றுக்கொள்ள வாய்ப்பு வந்தால் விடாதீர்கள். ஆப் தொழிலில் வரும் காசை நிரந்தர வருமானமாக எண்ணாமல், குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்கான வாய்ப்பாக எண்ணிச் சேமியுங்கள்.

நம் அரசுகளிடமும் நாம் கேட்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆப் வழித் தொழிலாளர்களுக்கென்று 2023-இல் நலவாரியம் வந்துவிட்டது. சென்னையில் ராபிடோ ஓட்டும் தம்பிக்கு அதில் இடம் இருக்கிறது. அதே தம்பி துபாய் வந்து லிமோசின் ஓட்டினால் அந்தப் பட்டியலிலிருந்து விலகிவிடுகிறார். அவருக்காக அயலகத் தமிழர் நலத் துறையும் வாரியமும் இருக்கின்றன. ஆண்டுதோறும் ஜனவரி 12 அயலகத் தமிழர் தினமாகக் கொண்டாடப்படுகிறது. அந்த வாரியத்தில் உறுப்பினராகப் பதிந்துகொள்ளுங்கள். கொண்டாட்ட மேடையோடு நிற்காமல், எந்த வளைகுடாக் கம்பெனி ஓட்டுநருக்கு என்ன அடிப்படைச் சம்பளம் தருகிறது என்ற விவரத்தைப் புறப்படும் முன்பே தமிழில் சொல்லும் ஒரு சேவையை அரசு நடத்த வேண்டும் என்று அங்கே கேளுங்கள். பத்தாம் வகுப்பு முடிக்காதவர்களுக்கு மத்திய அரசின் குடியேற்ற அனுமதியும், 10 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் கட்டாயம் என்பதை உங்களுக்குப் பின் வருபவர்களிடம் சொல்லுங்கள். பதிவு பெற்ற ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு வரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் என்பதையும் சொல்லுங்கள். விசிட் விசாவில் வந்து பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்புபவரைத் தடுங்கள்.

கடைசியாக, எல்லாவற்றையும் விட முக்கியமான ஒன்று. ஆப் நிறுவனங்கள் உங்களைப் பற்றி எல்லாம் தெரிந்து வைத்திருக்கின்றன. எத்தனை மணிக்குக் களைப்பாவீர்கள், எவ்வளவு ஊக்கத்தொகைக்கு இன்னொரு டிரிப் எடுப்பீர்கள் என்பது வரை அவர்களிடம் கணக்கு இருக்கிறது. நீங்களோ பக்கத்துக் கட்டிலில் தூங்கும் நண்பருக்கு எவ்வளவு அடிப்படைச் சம்பளம் என்று தெரியாமல் இருக்கிறீர்கள். கௌரவம் பார்த்து நாம் சம்பளத்தை ஒருவருக்கொருவர் சொல்வதில்லை. ஊருக்குப் போனால் இருப்பதைவிடக் கூட்டியே சொல்கிறோம். அதை நம்பி மச்சானும் தம்பியும் நிலத்தை அடகு வைத்துக் கிளம்பி வருகிறார்கள், அவர்களையும் அதே குறைந்த சம்பளத்துக்குக் கம்பெனி எடுத்துக்கொள்கிறது. நம் மௌனம்தான் கம்பெனிகளுக்குக் கிடைக்கும் பெரிய தள்ளுபடி.

இதை மாற்ற வேலைநிறுத்தம் தேவையில்லை, யாரையும் திட்டி முகநூலில் எழுதவும் தேவையில்லை. அப்படி எழுதுவது இந்த நாட்டில் வழக்கில் கொண்டுபோய் விடும், அதைச் செய்யாதீர்கள். ரூமில் உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் கம்பெனியில் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, கமிஷன் எந்தக் கணக்கில், மாதம் என்னென்ன பிடித்தம், ஒரு நாளில் எத்தனை மணி நேரம், விலகினால் எத்தனை நாள் நோட்டீஸ்? இந்த ஐந்துக்கும் உண்மையான பதிலை ஒருவருக்கொருவர் சொல்லுங்கள். ஊரிலிருந்து விசா கேட்டுப் போன் செய்பவருக்கும் கூட்டாமல் குறைக்காமல் அதையே சொல்லுங்கள். நல்ல சம்பளம் தரும் கம்பெனிக்கு ஆட்கள் தேடி வருவார்கள். தராத கம்பெனிக்கு ஆள் கிடைக்காது. ஆப்புகள் பயணிக்காகப் போட்டி போடுவது போல, கம்பெனிகள் ஓட்டுநருக்காகப் போட்டி போடும் நாள் அப்படித்தான் வரும்.

அந்தப் பேச்சை இந்த வெள்ளிக்கிழமையே உங்கள் ரூமில் தொடங்குங்கள்.

அன்புடன்,
உங்கள் வண்டியில் வரும் தமிழன் ஒருவன்
துபாய்